அழுகை தொடங்கினால் நிற்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "எனக்கு 27 வயது. ஊர் வவுனியா. பம்பலப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வெள்ளவத்தையில் இன்னும் இரண்டு பேருடன் ஒரே அறையில் இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் அப்பா மோசம் போனார். எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாளே லீவு இல்லையென்று பஸ் ஏறி வந்துவிட்டேன். இப்போது பஸ்ஸில், ஒபிஸ் பாத்ரூமில், இரவு போர்வைக்குள் அழுகை வருகிறது. தொடங்கினால் நிற்காது. விரல்கள் விறைத்து மூச்சு முட்டுகிறது. எப்படி நிறுத்துவது? இது மனநோயா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் இருக்கும்வரை மற்றது ஒன்றும் காதில் ஏறாது. அப்பா போய் மூன்று மாதத்தில் அழுவது மனநோய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலின் 11ஆவது பதிப்பு, இழப்புத் துயரம் ஆறு மாதம் தாண்டியும் ஆளை வாழவிடாமல் இறுக்கிப் பிடித்திருந்தால்தான் அதை ஒரு கோளாறு என்று பார்க்கச் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட திருத்திய கையேடு, வளர்ந்தவர்களுக்கு அந்த எல்லையை ஒரு வருடம் என்று வைத்திருக்கிறது. நீங்கள் இரண்டுக்கும் வெகு முன்னால் நிற்கிறீர்கள். அதற்காக உங்கள் கஷ்டம் சின்னதென்று சொல்ல வரவில்லை. விரல் விறைக்கும் அளவுக்கு அழுவது உடம்பை முறிக்கிற விஷயம். அதற்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

நான் உளவளத்துணை வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வியைப் பல வடிவத்தில் கேட்கிறேன். எல்லோரும் கேட்பது "எப்படி நிறுத்துவது" என்றுதான். என் பதில் எப்போதும் ஒன்றுதான். கண்ணீரை நிறுத்தப் பார்க்காதீர்கள், மூச்சை அமர்த்துங்கள். மூச்சு அமர்ந்தால் அழுகை தானாகத் தணியும். கண்ணீரோடு மல்லுக்கட்டினால் இரண்டுமே கைமீறிப் போகும்.

ஏன் அப்படி என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். அழும்போது கண்ணீரின் ஒரு பகுதி கண்ணின் உள்மூலையில் இருக்கும் சின்னக் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது, அதுதான் மூக்கு ஒழுகுவது. தொண்டையில் கட்டி அடைத்த மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. பதற்றத்தில் உடம்பு கூடுதலாகக் காற்று எடுப்பதற்காகக் குரல்வளை வாசலை அகலத் திறந்து வைக்கிறது. நாம் எச்சில் விழுங்கும்போது அதே வாசல் மூட வேண்டும். திறக்கவும் மூடவும் ஒரே நேரத்தில் தசைகள் இழுபடுவதைத்தான் நாம் கட்டி என்று உணர்கிறோம். தண்ணீரைச் சின்னச் சின்ன மிடறாக விழுங்கினால் அது இளகும்.

விரல் விறைப்பதுதான் பலரையும் கூடுதலாகப் பயமுறுத்துவது. விம்மி விம்மி அழும்போது மூச்சை வேகவேகமாக உள்ளே இழுத்து, தேவைக்கு மேலே வெளியே தள்ளுகிறோம். இரத்தத்திலிருக்கும் கரியமிலவாயு குறைந்துபோகிறது. அது குறைந்தால் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவது போல விறைக்கும், தலை சுற்றும், நெஞ்சு இறுகும். "ஐயோ, எனக்கு என்னமோ நடக்கப் போகுது" என்ற பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகும். உண்மையில் உங்களுக்குக் காற்று போதாமல் இல்லை, கூடிப்போனதுதான் பிரச்சினை. இது உயிருக்கு ஆபத்தானதும் இல்லை. மூச்சு மெதுவானால் சில நிமிடத்தில் விறைப்பு விட்டுப்போகும். கடதாசிப் பையை வாயில் வைத்து மூச்சு விடச் சொல்லும் பழைய பழக்கம் இப்போதும் இருக்கிறது. அதைச் செய்ய வேண்டாம். ஆஸ்துமாவோ இருதய வருத்தமோ உள்ள ஒருவருக்கு அது கெடுதலாக முடியலாம். நெஞ்சு நோ கைக்கோ தாடைக்கோ பரவினால், அல்லது அழுகை நின்ற பிறகும் நெஞ்சு நோ போகாவிட்டால், இதுவும் மூச்சு வேகத்தால் வருவதென்று நினைத்துக் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

சரி, மூச்சை எப்படி அமர்த்துவது? "ஆழமாக மூச்சு எடு" என்று எல்லோரும் சொல்வார்கள். விம்மிக்கொண்டிருப்பவருக்கு அது பிழையான புத்தி. உள்ளே இழுப்பது ஏற்கெனவே கூடிவிட்டது. வெளியே விடுவதைத்தான் நீட்ட வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது இருதயம் கொஞ்சம் வேகமாகவும், வெளியே வரும்போது கொஞ்சம் மெதுவாகவும் அடிக்கும். ஆகவே வெளிமூச்சை நீட்டினால், அமைதி கொள்ளும் பக்கத்தில் உடம்பைக் கூடுதல் நேரம் வைத்திருக்கிறீர்கள்.

இருந்த இடத்தில் இரண்டு பாதத்தையும் நிலத்தில் ஊன்றி வையுங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். உதட்டைக் குவித்து, சூடான பிளேன்ரீயை ஊதுவது போல மெல்ல ஊதுங்கள். உள்ளே இருக்கும் காற்று முழுக்கப் போகட்டும். பிறகு மூக்கால் தானாக எவ்வளவு வருகிறதோ அவ்வளவு எடுங்கள். மறுபடி ஊதுங்கள். முதல் நாலைந்து தடவை விம்மல் நடுவில் வந்து குழப்பும், அது பரவாயில்லை. விம்மல் வந்து போகட்டும், அடுத்த ஊதலைத் தொடருங்கள். கொஞ்சம் பிடிபட்டதும் மனதுக்குள் எண்ணலாம்: உள்ளே நாலு, வெளியே ஆறு அல்லது ஏழு. எண்ணிக்கை சரியாக வரவில்லையென்று அதற்கும் கவலைப்பட வேண்டாம். வெளியே போவது உள்ளே வருவதைவிட நீளமாக இருந்தால் போதும். பொதுவாக ஐந்து நிமிடத்தில் வித்தியாசம் தெரியும். இதை அழாத நேரத்திலும் ஒரு நாளைக்கு ஒருமுறை பழகி வையுங்கள். முதன்முதலாக அழுகையின் நடுவில் பழக முயன்றால் கை கொடுக்காது.

எண்ணுவது ஒத்துவராதவர்களுக்குச் செபம் ஒத்துவரும். 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. இலத்தீனில் செபமாலை சொல்பவர்களுக்கும் மந்திரம் சொல்பவர்களுக்கும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவாகி, இருதய ஓட்டமும் அதோடு ஒத்துப்போனதை அவர்கள் அளந்து காட்டினார்கள். வாய்விட்டு நீளமாக ஒன்றைச் சொல்லும்போது வெளிமூச்சு தானாக நீள்கிறது. தேவாரத்தில் ஒரு அடியை ஒரே மூச்சில் மெல்லப் பாடுவதும், திக்ர் ஓதுவதும், "ம்ம்ம்" என்று ஒரு ராகத்தை முனகுவதும் அதே வேலையைச் செய்யும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமையில் போய் நின்று பாருங்கள். எந்தச் சமயத்தவரும் வருவார்கள், கண்ணீரோடு நிற்பவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொழும்பில் ஒரு பெண் பொது இடத்தில் கேள்வி கேட்கப்படாமல் அழக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசர் கோயிலும் இருக்கிறது. அந்தக் கருங்கல் மண்டபத்தில் பகல் வெயிலிலும் குளிர்ச்சி இருக்கும்.

மூச்சுக்கு அடுத்தது குளிர். முகத்தில், முக்கியமாகக் கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும், குளிர் பட்டால் இருதயத் துடிப்பு இறங்கும். தண்ணீருக்குள் மூழ்கும்போது உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் இயல்பு அது. உணர்ச்சி கட்டுக்கடங்காமல் போகும் ஆட்களுக்கென்று மார்ஷா லைன்ஹான் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய சிகிச்சை முறையிலும் முதல் உதவியாக இதுதான் வருகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். "முகத்தைக் கழுவு" என்று சொன்னால், கொழும்பில் மொட்டைமாடித் தாங்கியிலிருந்து மத்தியானம் வருகிற தண்ணீர் சுடும். அதனால் ஒரு பயனுமில்லை. ஒபிஸ் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தண்ணீர்ப் போத்தல் உங்களுடையதாக இருக்கட்டும். தேவைப்படும்போது லேஞ்சியை அதில் நனைத்துக் கண்ணுக்கும் கன்னத்துக்கும் மேலே அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், சற்றுக் குனிந்து. வழியில் என்றால் எந்தக் கடையிலும் குளிர்ந்த சோடாப் போத்தல் வாங்கலாம். அதைக் கன்னத்தில் வைத்தாலே போதும், குடிக்க வேண்டியதில்லை. இருதய வருத்தமோ, துடிப்பு மெதுவாக இருக்கும் பிரச்சினையோ உள்ளவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும்.

பஸ்ஸில் வருவதற்கு வேறு உத்தி வேண்டும், அங்கே குனிந்து முகம் நனைக்க ஏலாது. அந்த நேரத்தில் மனதை இந்த இடத்துக்கு, இந்த நிமிடத்துக்கு இழுத்து வருவதுதான் வேலை. உங்கள் கைப்பையில் ஒரு சின்னச் சித்தாலேப டப்பா வைத்திருங்கள். மூடியைத் திறந்து மணந்தாலே அந்தக் காரமான மணம் நினைவை அறுக்கும். கண்ணுக்குக் கிட்ட மட்டும் பூசாதீர்கள். அதோடு, காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் கடைப் பெயர்ப்பலகைகள் வரிசையாக வருகின்றன. அதில் தமிழ் வரியை மட்டும் தேடி வாசித்துக்கொண்டே வாருங்கள், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு வேலை பார்ப்பவருக்குப் பிழை பிடிப்பது கைவந்த வேலை, மூளை அதில் இறங்கிவிடும். ஜன்னலோரம் இருந்து காற்றுப் படட்டும். அப்படியும் பெருகினால், இறங்கிவிடுங்கள். அடுத்த பஸ் ஐந்து நிமிடத்தில் வரும். இறங்கி நடப்பது தோல்வி இல்லை. நடப்பதே மூச்சைச் சீராக்கும்.

ஒபிஸில் அழுகையைவிட, "ஏன் அழுகிறாய்" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் ஆளைத் தின்னும். ஆகவே சொல்ல வேண்டிய ஒரு வசனத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். "எனக்குப் பத்து நிமிசம் வேணும், வந்து கதைக்கிறன்." சிங்களத்தில் கேட்பவருக்கு "மட்ட டிக்கக் அசனீபய்" (எனக்குக் கொஞ்சம் சுகமில்லை) என்றால் போதும், மேலே ஒன்றும் விளக்கத் தேவையில்லை. உங்கள் பிரிவில் நம்பக்கூடிய ஒருவரிடம், அழாமல் இருக்கும் ஒரு நாளில், "அப்பா செத்து மூண்டு மாதம், சில நேரம் எழும்பிப் போவன், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லி வையுங்கள். மேலதிகாரியிடமும் சொல்லலாம். சொல்வது கடினம்தான். ஆனால் காரணம் தெரியாதவர்கள் வேலைக்கு லாயக்கில்லை என்று நினைத்துக்கொள்வார்கள், தெரிந்தவர்களில் பெரும்பாலானோர் இடம் விடுவார்கள்.

பாத்ரூமில் பல்லைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஜேம்ஸ் குரோஸ் என்ற உளவியலாளர் 1990களில் செய்த பரிசோதனையில், துக்கமான படம் பார்க்கும்போது உணர்ச்சியை முகத்தில் காட்டக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் முகம் அமைதியாக இருந்தது. உடம்போ மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பதறியது. பத்து நிமிடம் கூட்டம் ஒன்றில் அடக்கி வைத்திருப்பதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். நாள் முழுக்க, மாதக்கணக்கில் அடக்குவது வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் மையம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் துக்கம் காக்க ஒரு கால அட்டவணையே இருக்கிறது. செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லும் கிழவிகள் வந்து அழாதவரையும் அழ வைப்பார்கள். அயலட்டைச் சனம் சமைத்துக் கொண்டுவந்து கொடுக்கும். எட்டு, அதற்குப் பிறகு 31இல் அந்தியேட்டி வீட்டுக்கிருத்தியம் வரை வீட்டில் ஆள் நடமாட்டம் குறையாது. "அப்பர் அந்த மனுசன் அண்டைக்கு என்ன செய்தவர் தெரியுமே" என்று யாராவது ஒரு கதையைத் தொடங்குவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே அழுவார்கள். நீங்கள் ஒன்பதாம் நாள் அதைவிட்டு எழும்பி வந்துவிட்டீர்கள். வந்த இடத்தில் சுவர் மெல்லிசு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் விடிய ஐந்துக்கு எழும்ப வேண்டியவர், உங்கள் அப்பாவை அறிந்த ஒரு மனிதர் பக்கத்தில் இல்லை. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும் இதே குறைதான். பொரளை மலர்ச்சாலையில் ஒரு நாள் பிரேதம் வைத்து, கனத்தையில் காரியம் முடித்து, அடுத்த திங்கள் வேலைக்குப் போகிறார்கள். அழுவதற்கு இடமும் நேரமும் ஆளும் கிடைக்காத அழுகைதான் பஸ்ஸில் வந்து நிற்கிறது.

ஆகவே அழுகைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள் என்பதுதான் என் முக்கியமான ஆலோசனை. கேட்க விநோதமாக இருக்கும். பின்னேரம் வேலை முடிந்து வந்ததும் அரை மணித்தியாலம். அறைத் தோழிகளிடம் சொல்லி அறையை அந்த நேரம் உங்களுக்கு விடச் சொல்லுங்கள், அல்லது கோயிலில் ஒரு மூலையில் இருங்கள். அந்த நேரத்தில் அப்பாவின் படத்தைப் பாருங்கள், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரல் பதிவைக் கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். நேரம் முடிந்ததும் முகம் கழுவி, ஏதாவது சாப்பிட்டு, ஒருவரோடு கதையுங்கள். பகலில் பஸ்ஸில் தொண்டை அடைக்கும்போது மனதுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும்: "பின்னேரம் பாப்பம்." முதல் கிழமை மனம் கேட்காது. அந்த நேரம் உண்மையிலேயே கிடைக்கிறது என்று கண்டுகொண்ட பிறகு மெல்லக் கேட்கத் தொடங்கும். இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் அந்தக் குரல் பதிவைப் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். களைத்த மூளைக்கு அந்த நேரத்தில் எதையும் தாங்கும் பலமில்லை. நித்திரை வராமல் அழுதுகொண்டே கிடந்தால் எழும்பி, வெளிச்சம் குறைந்த இடத்தில் சும்மா இருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள்.

அழுதவுடன் மனம் இலேசாகவில்லை, இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது என்று சிலர் பயப்படுவார்கள். நெதர்லாந்தில் 2015இல் வெளியான ஆய்வு ஒன்று இதை நேராகவே பார்த்தது. சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை படம் முடிந்ததும் கீழே போயிருந்தது. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஒன்றரை மணித்தியாலத்தில், படம் பார்க்கத் தொடங்கும் முன் இருந்ததைவிட நன்றாக இருந்தது. ஆகவே அழுத கையோடு உங்களை அளக்காதீர்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைக் கொடுங்கள். அதற்குள் பெரிய முடிவு எடுப்பது, வேலையை விடுகிறேன் என்று மெயில் எழுதுவது, யாருக்காவது கோபத்தில் கோல் எடுப்பது எல்லாம் வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். தலையிடிக்கு அதுவும் ஒரு காரணம். வீங்கிய கண்ணைக் கசக்காமல் குளிர்ந்த துணியை வையுங்கள். கண்ணில் லென்ஸ் போடுபவர் என்றால் கழற்றிவிடுங்கள்.

எழுதப் பிடிக்குமென்றால் எழுதுங்கள். ஜேம்ஸ் பெனிபேக்கர் என்பவர் 1980களில் தொடங்கிய ஆய்வு வரிசையில், மனதைத் தைத்த விஷயத்தைத் தினமும் பதினைந்து இருபது நிமிடம், மூன்று நாலு நாள் எழுதியவர்களுக்கு எழுதிய அன்று துக்கம் கூடியது, பின்வந்த மாதங்களில் நலம் கூடியது. யாரும் வாசிக்கப் போவதில்லை, அழகாக எழுதத் தேவையில்லை. அப்பாவுக்கு எழுதலாம். ஆஸ்பத்திரிக்குப் பிந்தி வந்தேனே என்பது மாதிரி ஏதும் மனதில் உறுத்தினால் அதையும் எழுதலாம். எழுதும்போது தாங்க ஏலாமல் போனால் விட்டுவிடுங்கள்.

அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு இப்போதே லீவு கேட்டு வையுங்கள். தீபாவளி, தைப்பொங்கல், அவருடைய பிறந்தநாள், இந்த நாள்களில் அழுகை திரும்பப் பொங்கும். அது பின்னடைவு என்று நினைத்துவிடாதீர்கள். முடிந்தால் மாதத்தில் ஒருமுறை ஊருக்குப் போய் அம்மாவுடன் இருங்கள். அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று நீங்களும், உங்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று அவரும் இருப்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். இரண்டு பேருமாக ஒருதரம் அழுதால் இரண்டு பேருக்கும் சுகம்.

இதுவரை சொன்னது துக்கத்தால் வரும் அழுகைக்கு. ஒரு காரணமும் தெரியாமல் அழுகை வருவதும் உண்டு, அதற்கு வைத்தியரைப் பார்க்க வேண்டும். தைரொயிட் குறைந்தால் வரலாம், இரத்தப் பரிசோதனையில் பிடிபடும். மாதவிடாய்க்கு ஒரு கிழமை முன் மட்டும் அழுகை வந்து, மாதவிடாய் தொடங்கிய பிறகு விட்டுப்போகிறதா என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். குழந்தை பிறந்து மூன்றாம் நாலாம் நாளில் தாய்மார் பலர் அழுவார்கள், இரண்டு கிழமைக்குள் அது தீரும். அதைத் தாண்டினால் பிரசவத்துக்குப் பின்னான மனச்சோர்வாக இருக்கலாம், வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவிச்சியிடமே சொல்லலாம். பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் சின்ன விஷயத்துக்கும் தேம்பித் தேம்பி அழுதால், "சின்னப்பிள்ளை மாதிரி" என்று வீட்டில் ஏசுவார்கள். மூளையில் அழுகையைக் கட்டுப்படுத்தும் பாதை பாதிக்கப்பட்டதால் வருவது அது, அவர் மனதில் அவ்வளவு துக்கம் இல்லாமலும் இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. அடி, உதை, மிரட்டலால் வரும் அழுகைக்கோ மூச்சுப் பயிற்சி மட்டும் மருந்தாகாது. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, பெரிய அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பிரிவும் இருக்கிறது.

துக்கமா மனச்சோர்வா என்று நீங்களே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். துக்கம் அலையாக வரும், நடுவில் ஒரு பகிடிக்குச் சிரிக்க முடியும், அப்பாவை நினைத்துத்தான் அழுவீர்கள். மனச்சோர்வு நாள் முழுக்க, அநேகமாகத் தினமும், இரண்டு கிழமைக்கு மேல் அமுக்கிப் பிடிக்கும். எதிலும் விருப்பமிருக்காது, சாப்பாடும் நித்திரையும் குழம்பும், "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்ற எண்ணம் ஓடிக்கொண்டே இருக்கும். சில வேளை இரண்டும் சேர்ந்தே வரும். அப்படித் தோன்றினால் தாமதிக்க வேண்டாம். வெள்ளவத்தைக்குக் கிட்ட என்றால் களுபோவில கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை, மற்றப் பக்கம் கொழும்பு தேசிய வைத்தியசாலை. இரண்டிலும் மனநலப் பிரிவு உண்டு, காசு இல்லை. மொழி தடங்குமோ என்ற பயம் நியாயமானது. எப்போதிருந்து, எத்தனை தரம், நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தமிழ் தெரிந்த வைத்தியரையோ தாதியையோ கேட்கலாம், அல்லது சிங்களம் தெரிந்த தோழி ஒருவரைக் கூட்டிப் போகலாம். மனச்சோர்வுக்கான குளிசை தந்தால் அது வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், நடுவில் நீங்களாக நிறுத்தக்கூடாது. நித்திரைக்கென்று தடிமன் குளிசையைப் போடுவதும், யாரோ ஒருவரின் மருந்தில் ஒன்றை வாங்கிப் போடுவதும் வேண்டவே வேண்டாம்.

"செத்துப்போனால் நல்லது", "அப்பாவிட்டயே போயிடலாம்" என்ற எண்ணம் வருகிறதா? நேராகவே கேட்கிறேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறதென்றால் இன்றைக்கே ஒருவருக்குச் சொல்லுங்கள், தனியே இருக்காதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் சேவை, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். 1333 இன்னொரு இலவச இலக்கம். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோ கொழும்பு 7 ஹோர்டன் பிளேஸில் இருக்கிறது, பெயர் கூடச் சொல்லாமல் மனம்விட்டுக் கதைக்கலாம், புத்தி சொல்லித் தலையை உருட்ட மாட்டார்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வாய் திறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சி இலங்கையில் 1998இலிருந்து குற்றம் இல்லை.

கடைசியாக, உங்கள் அறையில் இருக்கும் இரண்டு பேருக்கு. இந்தப் பகுதியை அவர்களுக்குக் காட்டுங்கள். அவர் அழும்போது "அழாதை", "எல்லாம் சரி வரும்", "உன்னைவிடக் கஷ்டப்பட்ட ஆக்கள் எத்தனை பேர்" ஆகிய மூன்றையும் சொல்லாதீர்கள். என்ன நடந்தது என்று விசாரணை வைக்கவும் வேண்டாம். பக்கத்தில் இருந்து, தொடலாமா என்று கேட்டுவிட்டுக் கையைப் பிடியுங்கள். உங்கள் மூச்சை அவருக்குக் கேட்கும்படி மெதுவாக விடுங்கள், கொஞ்ச நேரத்தில் அவருடையது உங்களுடையதோடு சேர்ந்துவரும். "இப்ப ஒண்டும் சொல்லத் தேவையில்லை, நான் இஞ்ச இருக்கிறன்" என்றால் போதும். அழுகை தணிந்ததும் ஒரு கோப்பை தண்ணீர், பிறகு இஞ்சி போட்ட பிளேன்ரீ. அவர் அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நடுவில் உங்கள் வீட்டுக் கதையை நுழைக்காமல், "அவர் என்ன வேலை செய்தவர்?", "உன்னை என்னெண்டு கூப்பிடுவார்?" என்று கேளுங்கள். இரவு சாப்பிட்டாரா என்று பாருங்கள். சாப்பிடவில்லையென்றால் கேட்டுக்கொண்டிருக்காமல் கடையில் ஒரு இடியப்பப் பாசல் கூட எடுத்துக்கொண்டு வாருங்கள்.